வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் பல்லி இல்லையா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் பாலை இரவுப் பல்லிக்கான (ஸான்டூசியா விஜிலிஸ்) அருங்காட்சியகப் பதிவுகளை எல்லாம் இறக்கி, வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். புள்ளிகள் நெடுஞ்சாலை ஓரமாகவே குவிந்து கிடக்கின்றன, நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்கள். சில புள்ளிகள் இந்தப் பல்லி இருக்கவே முடியாத இடத்தில் விழுந்திருக்கின்றன. வெற்றிடத்தில் பல்லி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள். கூடவே, இவ்வளவு பல்லிகளைக் கொன்று ஜாடியில் போட்டு வைப்பதற்குப் பதிலாக ஒரு போட்டோ போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது: ஒரு புள்ளியை எந்த அளவுக்கு நம்பலாம், சந்தேகம் வந்தால் எங்கே போய்ச் சரிபார்ப்பது?

அமெரிக்க மேற்குப் பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தின் ஊர்வனப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மாதிரிகளோடு கட்டியிருக்கும் பழைய சீட்டுகளில் உள்ள இடப்பெயர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. மரபணு ஆய்வு என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும், பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

பல்லியைப் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் 4 முதல் 7 சென்டிமீட்டர்தான். உடம்பு ஒல்லி, தோல் மென்மை, சாம்பலோ பழுப்போ கலந்த நிறத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். கண்ணுக்கு இமை கிடையாது, அதனால் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கண்மணி செங்குத்துக் கீற்றாக இருப்பதைப் பார்த்து இது இரவில் திரியும் விலங்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள், பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் பகலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே வராது. மொஹாவிப் பாலையில் விழுந்து உளுத்துப்போன ஜோஷுவா மரத்தின் அடியில், கரையானையும் எறும்பையும் தின்றுகொண்டு, ஆயுளில் பெரும்பகுதியை அங்கேயே கழித்துவிடும். அந்தக் கட்டைக்கு மேலே உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் கீழே ஒன்று இருப்பது தெரியாது.

இந்தக் குணம்தான் அறிவியலை சுமார் முப்பது வருடம் ஏமாற்றியது. 1850களின் கடைசியில் ஜான் ஸான்டுஸ் என்ற ஹங்கேரியர் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் டெஹோன் ராணுவ முகாமில் இருந்துகொண்டு பறவை, பல்லி, பாம்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். (அசாத்தியமான சேகரிப்பாளர். ஆனால் சொந்த நாட்டுக்கு எழுதிய கடிதங்களில் அளந்து விடுவார் என்றும் பெயர் வாங்கியவர்.) அவர் அனுப்பியவற்றில் இருந்த இந்தக் குட்டிப் பல்லியை அங்கிருந்த விலங்கியலாளர் ஸ்பென்சர் பேர்ட் 1859ல் விவரித்து, பேரினத்துக்கு ஸான்டுஸின் பெயரையே வைத்தார். மூல மாதிரியின், அதாவது இனத்தை விவரிக்க ஆதாரமாக இருந்த மாதிரியின், சீட்டில் உள்ள இடம் ஃபோர்ட் டெஹோன். அது ஓக் மரங்கள் நிற்கும் ஒரு மலைப் பள்ளத்தாக்கு, ஜோஷுவா மரக் காடு இல்லை. அந்தக் காலச் சீட்டுகளில் முகாமின் பெயர் என்பது அஞ்சல் முகவரி மாதிரி. முகாம் வாசலில் பிடித்ததும், குதிரையில் ஒரு நாள் போய்ப் பிடித்ததும் ஒரே பெயரில்தான் பதிவாகும். அதனால் ஸான்டுஸின் கை சரியாக எந்தக் கட்டைக்கு அடியில் போனது என்பதை அந்தச் சீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் வெகுகாலம் யாரும் இதைத் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை. அமெரிக்காவிலேயே மிக அரிதான பல்லிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 1890களில் ஊர்வன ஆய்வாளர் ஜான் வான் டென்பர்க் மொஹாவியில் விழுந்து கிடந்த யுக்கா மரங்களைப் புரட்டிப் பார்த்தார், அடியில் இவை தாராளமாக இருந்தன. ஜோஷுவா மரமும் ஒரு யுக்காதான். அங்கே மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய பல்லி ஒன்றை அதுவரை 'அரிது' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பல்லியின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் கூடிவிடவில்லை, தேடும் விதம்தான் மாறியது. வெற்றிடங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு புள்ளி என்றால், அங்கே ஒரு மனிதர் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து, சரியான பொருளைப் புரட்டினார், பல்லியும் ஓடுவதற்குள் கையில் சிக்கியது என்று அர்த்தம். இதில் ஒரு படி தவறினாலும் புள்ளி இல்லை. சாலை ஓரத்தில் புள்ளி குவிவதற்கு வேறு மர்மம் எதுவும் கிடையாது. பாலையில் காரை விட்டு இறங்கி ஒரு மைல் நடப்பதற்குள் யாருக்கும் தண்ணீர் பாட்டிலின் ஞாபகம் வந்துவிடும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்வோம். மொஹாவியின் தாழ்ந்த சமவெளிகளில், கிரியோசோட் புதர் மட்டுமே விரவிக் கிடக்கும் இடங்களில், உள்ள வெற்றிடம் பெரும்பாலும் நிஜமான வெற்றிடம்தான். கட்டை இல்லை, பாறை இடுக்கு இல்லை, ஈரம் தங்கும் மறைவு இல்லை. பல்லிக்கு அங்கே வீடே இல்லை. ஜோஷுவா மரங்கள் வளரும் சுமார் 600 முதல் 1,800 மீட்டர் உயரத்துக்குள், மலைச் சரிவுகளுக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட பட்டையில் வெற்றிடம் இருந்தால் நான் நம்ப மாட்டேன், யாரும் புரட்டிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஜோஷுவா மரம் இல்லாவிட்டாலும் இந்தப் பல்லி விடாது என்பதையும் கவனியுங்கள். மொஹாவி யுக்கா, காய்ந்த நீலக்கற்றாழை, சில இடங்களில் விழுந்த பைன் கட்டை, அதன் உரிந்த பட்டை என்று எதுவாக இருந்தாலும் ஒண்டிக்கொள்ளும். ஆக, ஜோஷுவா மர வரைபடத்தை மேலே போர்த்தி 'இதுதான் எல்லை' என்று கோடு போட்டாலும் தப்புதான்.

ஆய்வாளர்கள் செய்யும் ஓர் உத்தி உண்டு, நீங்களும் செய்திருப்பீர்கள். அதே பகுதியில் மற்ற பல்லி இனங்களின் பதிவுகளை எடுத்து, 'இங்கே ஆட்கள் வந்து தேடியிருக்கிறார்கள், ஆனாலும் இது கிடைக்கவில்லை' என்று கணக்குப் போடுவது. பொதுவாக நல்ல உத்தி. இந்த இனத்துக்கு மட்டும் கவனம் தேவை. வெயில் காயும் பல்லிகளை, நீளக் கம்பின் நுனியில் சுருக்குப் போட்டு, நின்ற வாக்கிலேயே பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கிறவர் நாள் முழுக்க அலைந்து நாற்பது பல்லி பிடித்தாலும் இரவுப் பல்லி ஒன்றுகூடக் கண்ணில் படாது. அவருடைய நாற்பது பதிவுகள் இரவுப் பல்லி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கட்டை புரட்டும் பழக்கம் உள்ளவர்களின் பதிவைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தால் மட்டுமே அந்தக் கணக்குக்கு மதிப்பு. களக் குறிப்பேடுகள் உள்ள இடங்களில் இது முடியும், வெறும் பட்டியலை வைத்துக்கொண்டு முடியாது.

சரி, தப்பான இடத்தில் விழுந்த புள்ளிகளுக்கு வருவோம். என் வேலையில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீட்டு கையில் வந்தது. பல்லியின் பின்னங்கால் முட்டிக்கு மேலே நூலால் கட்டிய, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஆல்கஹாலில் ஊறி மஞ்சளாகியிருந்தது, இந்தியா மையில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. ஓர் எண், ஒரு பெயர்ச்சுருக்கம், அப்புறம் 'மொஹாவி' என்ற ஒரே சொல். மொஹாவி என்றால் எது? கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) அந்தப் பெயரில் ஒரு ரயில்வே ஊர் இருக்கிறது. அரிசோனாவில் அதே உச்சரிப்பில், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறி, ஒரு கவுண்டியே இருக்கிறது. கொலராடோ ஆற்றங்கரையில் ஃபோர்ட் மொஹாவி இருக்கிறது. பாலை முழுவதற்கும் அதே பெயர். பழைய ஆட்கள் அந்த ஓர் எழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எழுத்துக்கூட்டலை நம்பி அரிசோனாவில் புள்ளியை வைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு, அதே ஆள் அதே வாரத்தில் பிடித்த வேறு மாதிரிகளின் பதிவைப் பார்த்தபோதுதான் அவர் கெர்ன் கவுண்டியில் ரயிலை விட்டு இறங்கியிருக்கிறார் என்பது புரிந்தது. நான் வைத்த புள்ளி முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. அதற்குள் யார் யார் அந்தப் புள்ளியை இறக்கிக்கொண்டார்களோ!

இன்னொரு வகை, 'சான் பெர்னார்டினோ கவுண்டி' என்று மட்டும் எழுதி விட்டுவிட்ட சீட்டுகள். அமெரிக்காவிலேயே பரப்பில் மிகப் பெரிய கவுண்டிகளில் ஒன்று, ஏறத்தாழ 52,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரியது. இடம் தெரியாதபோது கணினி அதன் நடுமையத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும். அந்த மையம் பாலையின் நடுவே விழும். பார்ப்பதற்கு அசல் பதிவு மாதிரியே இருக்கும், ஆனால் அங்கே யாரும் எதையும் பிடித்திருக்க வேண்டியதில்லை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருடங்கள், ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கம் வரை ஒரே அட்சரேகை என்று ஒரு குவியல் தென்பட்டால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள். இதனால்தான் ஒவ்வொரு புள்ளியோடும் 'இத்தனை மீட்டர் வரை பிழை இருக்கலாம்' என்று ஓர் ஆரத்தையும் சேர்த்துப் பதிகிறோம். நீங்கள் இறக்கிய கோப்பில் அந்த நெடுவரிசை இருக்கும், பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. உங்கள் ஆய்வு ஒரு கிலோமீட்டர் கட்டங்களில் என்றால், ஐந்து கிலோமீட்டர் பிழையுள்ள பதிவுக்கு அதில் வேலை இல்லை. கவுண்டி அளவில் வரைபடம் போடுகிறீர்கள் என்றால் அதே பதிவு தாராளமாகப் போதும்.

பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிர்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் பதிவுகளையும் சேர்த்து இறக்கியிருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தையோ, பார்த்தவர் மறைக்கச் சொன்ன இடத்தையோ அந்தத் தளம் வேண்டுமென்றே கலைத்துக் காட்டும். 0.2 பாகைக் கட்டத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் புள்ளி விழும், அதாவது இருபது கிலோமீட்டருக்கு மேலேகூட விலகலாம். அது பிழை இல்லை, பல்லி பிடித்து விற்பவர்களிடமிருந்து காப்பாற்றும் ஏற்பாடு.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும்: அந்தப் பெயரே இப்போது அதே பெயர் இல்லை. பட்டியலில் 'விஜிலிஸ்' என்று பதிவான எல்லாமே இன்றைய கணக்கில் விஜிலிஸ் ஆகாது. 2004ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஒரே இனம் என்று நினைத்திருந்ததற்குள் பல தனி இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் அதையொட்டிய சான் டியேகோ கவுண்டிப் பாலையிலும் இருப்பது இப்போது விக்கின்ஸை. சியரா நெவாடாவின் தென்மேற்கு அடிவாரத்தில் கருங்கல் பாறைப் பிளவுகளில் வாழ்வது சியரை. அரிசோனாவின் யார்னெல் பக்கம் இருப்பது அரிசோனை. ஆன்சா-பொரேகோ பூங்காவில் ஒரு சிறிய மணற்பாறைத் திட்டில் மட்டும் வாழும் கிராசிலிஸின் கதை வேறு, அதை 1986ல் விஜிலிஸிலிருந்து இல்லை, ஹென்ஷாவி என்ற இன்னொரு இரவுப் பல்லியின் துணையினமாக விவரித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. பாறையில் வாழ்பவை தட்டையாகவும் பெரிதாகவும், கட்டையடியில் வாழ்பவை ஒல்லியாகவும் சிறிதாகவும் இருக்கும். உருவத்தைப் பார்த்தால் பாறைவாசிகள் எல்லாம் ஒரு குடும்பம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மரபணுவோ, அந்தத் தட்டை உடம்பு தனித்தனியாகப் பலமுறை உருவானது என்கிறது. கட்டைவாசிகள் ஒரே அச்சாக இருந்தும் உள்ளே வெகுகாலம் முன்பே பிரிந்து போனவை. இந்தப் பிரிவினை உறுதியானதா என்றால், மேலே சொன்ன பெயர்கள் இன்று பரவலாக ஏற்கப்பட்டவை. ஆனால் மிச்சமுள்ள சில கிளைகளுக்கும் தனிப்பெயர் வைப்பதா, எங்கே கோடு போடுவது என்பது இன்னும் தீராத விவகாரம்.

போட்டோ போதாதா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் வருகிறது. விக்கின்ஸையையும் விஜிலிஸையும் போட்டோவில் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. ஜாடியில் இருப்பதை, பெயர் மாறிய பிறகும் எடுத்து மறுபடி பார்க்கலாம். பெர்க்லியில் ஆனி அலெக்சாண்டரின் பணத்தில் 1908ல் தொடங்கிய முதுகெலும்பி உயிரியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னெல், தாங்கள் சேர்த்து வைப்பதன் உண்மையான மதிப்பு ஒருவேளை நூறு வருடம் கழித்துத்தான் தெரியும் என்று 1910ல் எழுதினார். அவர் காலத்தில் டிஎன்ஏ என்ற பேச்சே இல்லை. வயிற்றில் இருந்த கரையான், கர்ப்பத்தில் இருந்த குட்டிகளின் எண்ணிக்கை, தோலில் ஒட்டிய உண்ணி எல்லாம் போட்டோவில் வராதவை. ஃபார்மலினில் பதம் செய்த பழைய மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மட்டும் பெரும்பாடு, பல சமயம் கிடைக்காது. அதனால்தான் சில பத்தாண்டுகளாக, ஃபார்மலின் ஊசி போடுவதற்கு முன்பே ஒரு துளி ஈரலை வெட்டி எடுத்து உறைகுளிரில் தனியாக வைத்துவிடுகிறோம்.

ஜாடியும் நிரந்தரம் இல்லை. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது பரவிய தீயில் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் சேகரிப்பு பெரும்பாலும் அழிந்தது. கட்டையைப் புரட்டிக் காட்டிய அதே வான் டென்பர்க்தான் அங்கே ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழகம் கலாபகோஸுக்கு அனுப்பியிருந்த கப்பல் அப்போது கடலில் இருந்ததால், அதில் வந்தவை தப்பிப் பிறகு வந்து சேர்ந்தன.

அதற்காக, கிடைப்பதையெல்லாம் பிடித்துப் போடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பல்லி முட்டையிடாது. வருடத்துக்கு ஒரு முறை ஒன்று முதல் மூன்று குட்டிகள், பெரும்பாலும் இரண்டு. மழை பொய்த்த வருடத்தில் அதுவும் இல்லாமல் போகலாம். பருவத்துக்கு வரவே மூன்று வருடம் ஆகும். 2011ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குளிர்காலத்தில் ஒரே கட்டையடியில் கூட்டமாக ஒண்டியிருப்பவை பல சமயம் தாய், தகப்பன், குட்டிகள், அண்ணன் தங்கைகள் என்று ஒரே குடும்பம்தான். அந்த ஆய்வு வந்த பிறகு பழைய ஜாடிகளைப் பார்க்கும் என் கண்ணே மாறிவிட்டது. ஒரே சீட்டில் பன்னிரண்டு பல்லிகள் என்றால், முன்பு 'நல்ல வரிசை' என்று சந்தோஷப்படுவோம். இப்போது, யாரோ ஒரு வீட்டையே காலி செய்துவிட்டார் என்று தோன்றுகிறது. உங்கள் புள்ளியியலுக்கும் இது முக்கியம்: அந்தப் பன்னிரண்டையும் பன்னிரண்டு சுதந்திரமான சாட்சிகளாக எண்ணாதீர்கள், ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கட்டையைக் கடப்பாரையால் பிளந்து தேடுவது அந்தக் காலத்து வழக்கம். உளுத்த ஜோஷுவா கட்டை ஒன்று உருவாக மரம் வளர்ந்து, செத்து, விழுந்து, மட்க வேண்டும். பிளந்துவிட்டால் அடுத்த தலைமுறைப் பல்லிக்கு இடம் இல்லை. இன்று ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் மெதுவாகப் புரட்டி, பார்த்து, கிடந்த வாக்கிலேயே திரும்ப வைப்பார்கள்.

கடைசியாக, புள்ளிக்கு இடம் இருப்பதுபோல வருடமும் உண்டு. 2020 ஆகஸ்டில் மொஹாவி தேசியக் காப்பகத்தின் சீமா டோம் பகுதியில் பிடித்த தீயில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் போயின என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பரப்புக்குள் விழும் 1930களின் புள்ளி, 1930களில் பல்லி இருந்தது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி. இன்றைக்கு இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. கருகிய கட்டை கொஞ்ச காலம் மறைவு தரலாம், அதன் பிறகு புதுக் கட்டை விழ மரமே இல்லை.

உங்கள் கோப்பில் இருக்கும் சந்தேகப் புள்ளிகளை நீக்குவதற்கு முன்னால், அவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலோர் பதில் போடுவார்கள், இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான். நெவாடா எல்லைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் இரண்டு புள்ளிகளைச் சொன்னீர்களே, அவற்றின் பதிவு எண்களை இங்கேயே போடுங்கள். எங்கள் அலமாரியில் இருப்பவை என்றால், ஜாடியைத் திறந்து காலில் கட்டியிருக்கும் சீட்டைப் படித்துச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.